அண்ணாச்சி கடையைத் தாண்டிப் போன அக்கா

குரு என்றதும் வெள்ளைத் தாடியையும், சீடன் என்றதும் அரும்பு மீசையையும் நினைத்துவிட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு நாற்பது வயது. காவிச் சேலை கட்டிய பெண், பெயர் உலகம்மை. சீடருக்கு அறுபத்திரண்டு. பெயர் தங்கப்பழம், தொழில் மளிகைக்கடை. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும்போது குரு மட்டும் எப்படிக் கூப்பிடுவாள்? அவளும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மடம். மனைவி தவறிய பிறகு அண்ணாச்சி செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே வந்து உட்காருவார். அன்றைக்கு வந்தவர் உட்காரவே இல்லை.

“கடையைக் கொடுத்திரலாம்னு இருக்கேன்மா. செல்போன் கடை வைக்க ஒருத்தன் கேக்கான். வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்.”

“ஏன் அண்ணாச்சி?”

“எதிர்த்தாப்ல கண்ணாடிக் கதவு போட்டு ஏசி கடை வந்துட்டுல்லா. ஜனம் பூரா அங்கதான் போகுது.”

“விலை குறைவோ?”

“எங்க குறைவு? உளுந்து என்கிட்டதான் மலிவு. சரக்கும் என்னுதுதான் சுத்தம்.” அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. “முப்பத்திநாலு வருசம்மா! யார் வீட்ல யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை எத்தனாவது படிக்குன்னு விசாரிக்காம ஒரு பொட்டலம் மடிச்சிருப்பனா? அங்க இருக்க பொண்ணு தலையைக்கூட நிமித்த மாட்டா. மெசின் ‘கீ’ங்கும், பையில போடுவா, அவ்வளவுதான். அங்க என்னத்துக்குப் போறாங்க?”

உலகம்மை ஒரு பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“மத்தவங்க போகட்டும், போய்த் தொலையட்டும். பொன்ராணி அக்காவுமா? என் வீட்டுக்காரி போனப்போ பதினாறு நாளும் சோறு பொங்கித் தூக்குச்சட்டியில கொண்டு வந்த மனுசி. இப்போ குடையைச் சாய்ச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு என் கடையைத் தாண்டிப் போறா. நான் என்ன பாவம் பண்ணினேன்?”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

உலகம்மை ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள்.

“மடத்துக்குச் சாமான் வாங்கணும். கூட வாங்க. ஆனா எந்தக் கடையிலயும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

அண்ணாச்சியிடம் பேசாதே என்பதும் அடுப்பில் கிடக்கும் பாலிடம் பொங்காதே என்பதும் ஒன்றுதான். ஆனாலும் குருவின் சொல்லாயிற்றே. உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

முதலில் கீரை வண்டி. நாலு பெண்கள் கட்டுக் கட்டாகப் புரட்டிப் பார்த்து, எடுத்ததை வைத்து, வைத்ததை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரி முகம் சுளிக்கவில்லை. “நல்லாப் பாத்து எடு தாயி, உன் வீட்டுக்குத்தானே” என்றாள். உலகம்மையும் புரட்டிப் பார்த்து ஒரு கட்டு எடுத்தாள்.

அடுத்து சேலைக்கடை. ஒருத்தி நாற்பது சேலையாவது விரித்துப்போட்டிருப்பாள். ஒவ்வொன்றையும் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். கடைசியில் ஒரு ஜாக்கெட் துணி மட்டும் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி மலர்ந்த முகத்தோடு இறங்கிப் போனாள். கடைக்காரர் சேலைகளை மடித்தார். அண்ணாச்சிக்குத்தான் கை பரபரத்தது.

மூலையில் ஒரு பெட்டிக்கடை. தொங்கிய வாழைத்தார்களுக்குப் பின்னால் பேங்க் மேனேஜர் ஒருவர் அவசர அவசரமாகக் கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதும், வீட்டம்மா எத்தனை கெடுபிடி என்பதும் அண்ணாச்சிக்கு அத்துப்படி. ‘சார், சுகர் இப்போ எவ்வளவு இருக்கு?’ என்ற கேள்வி நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பெட்டிக்கடைக்காரனுக்கும் விஷயம் தெரியும்போல. அவன் பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

கடைசியாக அந்தக் கண்ணாடிக் கதவுக் கடை.

“இங்கயுமா?” என்று கையாலேயே கேட்டார் அண்ணாச்சி. உலகம்மை கதவைத் தள்ளினாள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அண்ணாச்சி வேண்டுமென்றே உளுந்து விலையைப் பார்த்தார். அதிகம்தான். வெற்றியோடு திரும்பியவர் அடுத்த வரிசையில் பொன்ராணியைப் பார்த்துவிட்டார்.

அவள் குழந்தைச் சாமான் அடுக்கின் முன்னால் நின்றிருந்தாள். பால்பவுடர் டின் ஒன்றை எடுத்துக் கூடையில் வைத்தாள். திரும்ப அடுக்கில் வைத்தாள். சற்றுநேரம் சும்மா நின்றுவிட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டாள். கூடையில் ஏற்கெனவே ஒரு பால்புட்டி கிடந்தது.

பாழாய்ப்போன வாய், ஒரே ஒரு எழுத்துதான் வெளியே வந்தது. “அ...”

பொன்ராணி திரும்பினாள். அண்ணாச்சியைக் கண்டதும் வெலவெலத்துப்போய்க் கூடையை முந்தானையால் மூடினாள்.

உலகம்மை அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். வாசல் படியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

“என்னைப் பாத்து ஏம்மா ஒளிக்கணும்? நான் என்ன பேயா, பிசாசா?”

“கடைசியா உங்க கடைக்கு எப்போ வந்தாங்க?”

“தை மாசம்.”

“என்ன வாங்கினாங்க?”

“அரிசி. வழக்கமா அஞ்சு கிலோ, அன்னைக்குப் பத்து கேட்டா. ‘என்னக்கா, மக பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்காளோ? மாப்பிள்ளையைக் காணோமே, எப்போ வந்து கூட்டிட்டுப் போறாரு?’ன்னேன். அன்பாத்தான் கேட்டேன்.”

“கடையில எத்தனை பேர் நின்னாங்க?”

அண்ணாச்சி யோசித்தார். “ஆறேழு பேர் இருக்கும்.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“சிரிச்சா. பருப்பும் கேட்டிருந்தா, அதை வேண்டாம்னுட்டுப் போயிட்டா.” சொல்லி முடித்ததும் நெற்றியில் அறைந்துகொண்டார். “அடப்பாவி மனுசா” என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது.

“அப்போ கொடுத்திர வேண்டியதுதான்” என்றார் அண்ணாச்சி. “இந்த வாயை வச்சுக்கிட்டு நான் கடை நடத்தக் கூடாது. பேசாம நடத்தணும்னா அதுக்கு அந்த மெசினே போதும். வெள்ளிக்கிழமை அந்த ஆளை வரச் சொல்லிருதேன்.”

உலகம்மை அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“ஏழு வருசத்துக்கு முந்தி, நான் இந்த ஊருக்கு வந்த அன்னைக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி முதல்ல ஏறினது உங்க கடைதான். காவி புதுசு. அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடந்துச்சு. நீங்க என் முகத்தைப் பாத்தீய.”

“ஆமா. ஞாபகம் இருக்கு.”

“எந்த ஊரு, யார் மக, புருசன் எங்கன்னு ஒண்ணுமே கேக்கல. அரிசியைக் கட்டிட்டு, ‘பை கனக்கும், நான் சைக்கிள்ல மடத்துக்குக் கொண்டாந்து போடுதேன், நீங்க முன்னால நடங்க’ன்னீய.”

“ஏன் கேக்கலன்னு எனக்கே தெரியலம்மா.”

“கேட்டிருந்தா அடுத்த பஸ்ஸிலயே ஏறிப் போயிருப்பேன் அண்ணாச்சி. மெசினும் ஒண்ணும் கேட்டிருக்காதுதான், ஆனா என் பை கனக்கும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்காது.”