ரப்பர் கைக்கு வலிக்காது

"நாளைக்கும் அதே கேள்வியைக் கேட்டா நான் என்ன மேடம் சொல்ல?"

சங்கரேஸ்வரி கேட்டாள். செவிலியர் கல்லூரியின் செய்முறைக் கூடத்தில் மாலை வெயில் பாதி மேசை வரை வந்திருந்தது. பியூலா மேடம் ஊசித் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் அங்கே பாடம் நடத்துகிறவர். மற்றவள் அவரிடம் பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு, இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை பார்ப்பவள்.

"எந்தக் கேள்வி?"

"நீ ஏன் டாக்டராகலை, சீட்டு கிடைக்கலையாங்கிற கேள்வி."

"போன வருஷம் கேட்டாங்களே, அதா?"

"அதேதான்."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"இன்னொரு தடவை கேக்கணும் போல இருக்கு."

சங்கரேஸ்வரி பெருமூச்சு விட்டாள். "'சார், ஒரு டாக்டரைப் பாத்து நீங்க ஏன் நர்ஸாகலைன்னு யாராவது கேட்டிருக்காங்களா'ன்னு கேட்டேன்."

பியூலா மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல கேள்வி."

"கேள்வி நல்லாத்தான் இருந்துச்சு. சீட்டுதான் போச்சு."

மறுநாள் அவளுக்கு எம்.எஸ்சி. நர்சிங் நேர்முகத் தேர்வு. படிப்பதற்கான விடுப்பை மருத்துவமனையில் இந்த வருடம் அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் அது அடுத்தவளுக்குப் போய்விடும். மறுபடி அவள் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"உன்கூட வேலை பாக்கிறவங்க என்ன சொல்லுதாங்க?"

"எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுதாங்க. 'சேவை'ன்னு சொல்லிரு. சின்ன வயசிலிருந்தே சேவை செய்ய ஆசைன்னு சொல்லிரு. அப்படிச் சொல்லையில கண்ணு லேசாக் கலங்கினா ரொம்ப நல்லதாம்."

"சொல்லிர வேண்டியதுதானே?"

"எப்படி மேடம் சொல்ல? பாலம் கட்டுற எஞ்சினியர்கிட்ட உனக்குச் சேவை மனப்பான்மை இருக்கான்னு கேக்காங்களா? பேங்க்ல இருக்கிறவங்ககிட்ட கேக்காங்களா? நமக்கு மட்டும் மருந்தும் தெரியணும், மிஷினும் தெரியணும், ராத்திரி டாக்டர் வாரது வரைக்கும் ஒரு உயிரைப் பிடிச்சு வைக்கவும் தெரியணும். இவ்வளவையும் பண்ணினா அதுக்குப் பேரு வேலை இல்லையாம், சேவையாம். சேவைன்னு பேரு வச்சிட்டா அப்புறம் நாம வாயைத் திறக்க முடியாதுல்லா? நான் படிச்சுத் தொழில் பண்ணுதேன் மேடம். தர்மம் பண்ணலை."

"சரி."

"என்ன மேடம், 'சரி'ங்கீங்க? எதிர்த்து ஏதாவது பேசுங்க."

"நீ சொல்லுதது சரியா இருந்தா நான் எதை எதிர்க்க?"

சங்கரேஸ்வரிக்கு ஏமாற்றமாக இருந்தது.

பியூலா மேடம் அலமாரியைத் திறந்து ரப்பர் கையை எடுத்து மேசையில் வைத்தார். தோளுக்குக் கீழே தனியாகக் கழற்றி வைத்தது போல இருக்கும் கை. உள்ளே குழாய்களில் சிவப்புத் தண்ணீர். மாணவிகள் குத்திக் குத்தி முழங்கை மடிப்பில் நிறமே மாறியிருந்தது.

"இதுல ரத்தம் எடு."

"இப்பமா? நான் இன்டர்வியூவுக்குத் தயார் பண்ண வந்திருக்கேன்."

"பேசிக்கிட்டே எடு."

பேசிக்கொண்டேதான் எடுத்தாள். மேல்கையில் கட்டுப்பட்டையை இழுத்துக் கட்டினாள். ஒரு விரலால் நரம்பைத் தேடினாள். போன வருடம் கேள்வி கேட்டவரின் கண்ணாடி, அவர் பேனாவை மூடிய சத்தம், அறையிலிருந்து வெளியே வரும்போது கதவு தானாகச் சாத்திக்கொண்டது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசியைக் கையில் எடுத்தபோது குரல் மட்டும் சட்டென்று தாழ்ந்தது.

"கொஞ்சம் வலிக்கும். பல்லைக் கடிச்சிக்கிடுங்க. பதறாதீங்க."

ஊசி உள்ளே போனது. சிவப்பு ஏறியது.

பியூலா மேடம் தட்டைக் கீழே வைத்தார். "யாருகிட்ட பேசுத?"

சங்கரேஸ்வரி ரப்பர் கையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஐயோ. பழக்கம் மேடம். வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி வாயில வந்துட்டு."

"பழக்கினது யாரு?"

"நீங்கதான்."

"நான் சொல்லித் தந்தது, என்ன செய்யப்போறோம்னு முதல்ல விளக்கிச் சொல்லணும்னு. பல்லைக் கடிக்கிறது, பதறாம இருக்கிறது எல்லாம் நான் சொன்னதில்லை. பாடத்திலயும் கிடையாது."

சங்கரேஸ்வரி ஊசியை உருவித் தட்டில் வைத்தாள்.

"அது ஒரு அக்கா சொன்னது" என்றாள்.

"எந்த அக்கா?"

"ரெண்டாம் வருஷம் படிக்கையில. குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சு வார்டுல படுத்திருந்தாங்க. என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவங்க. அன்னிக்குத்தான் முதன்முதலா ஒரு மனுஷக் கையில ஊசியை வைக்கேன். குத்தினேன், வரலை. திரும்பக் குத்தினேன், நரம்பு நழுவிட்டு. வார்டு சிஸ்டர் 'நீ நகரு, நான் எடுக்கேன்'னு வாராங்க. அந்த அக்கா வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டாங்க."

"உன்கிட்ட இருந்து?"

"இல்லை மேடம். சிஸ்டர்கிட்ட இருந்து."

பியூலா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"'அந்தப் பிள்ளையே எடுக்கட்டும்'னாங்க. என்னைப் பாத்து, 'ஏட்டி, நான் ஸ்கூட்டி பழகையில எங்க தெருவுல எத்தனை வீட்டு கேட்ல கொண்டுபோய் இடிச்சேன் தெரியுமா? உனக்கு இப்பம் என் கைதான் அந்த கேட். நல்லா இடி. நான் பல்லைக் கடிச்சிக்கிடுதேன், நீ பதறாத'ன்னாங்க."

"அப்புறம் வந்துச்சா?"

"வந்துச்சு. வந்ததும் நான் சிரிச்சேன். அவங்களுக்குச் சிரிச்சா தையல் இழுக்கும். 'சிரிக்க வைக்காத, சண்டாளி'ன்னு வயித்தைப் பிடிச்சிக்கிட்டே சிரிச்சாங்க. அடுத்த தடவை நான் அந்த வார்டுக்குப் போனப்ப கட்டில்ல வேற ஆளு. பேருகூடக் கேக்கலை."

வெளியே யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. சங்கரேஸ்வரி ரப்பர் கையின் பட்டையை அவிழ்த்தாள். அவளுக்குத் தன் கோபம் திரும்ப வேண்டியிருந்தது.

"சரி மேடம். இதையெல்லாம் அங்க போய்ச் சொல்ல முடியுமா? ஏன் நர்ஸானேன்னு கேட்டா ஸ்கூட்டியால சார்னு சொல்லவா?"

"சொல்லாத."

"அப்பம் என்னதான் சொல்ல?"

"பதில் வேணுமா?"

"அதுக்குத்தானே டூட்டி முடிஞ்ச கையோட பஸ் ஏறி வந்திருக்கேன்."

"அப்பம் கையைத் தா."

நீட்டினாள். பியூலா மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி, "முப்பிடாதி, உள்ள வா" என்றார்.

இரண்டாம் வருட மாணவி ஒருத்தி கண் வீங்கிப்போய் உள்ளே வந்தாள். ரப்பர் கையில் அவளுக்கு ஒரு தடவைகூடத் தவறாது. அன்று காலை வார்டில், முதன்முதலாக ஒரு பெரியவரின் கையில் குத்தி, ரத்தம் வராமல் போய், அவர் "இது ஆஸ்பத்திரியா, கசாப்புக் கடையா" என்று கத்த, ஊசியைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். இனிமேல் வார்டுக்குப் போக மாட்டேன் என்று மதியச் சாப்பாட்டையும் விட்டிருந்தாள்.

"இவளுக்குப் பழக ஒரு கை வேணும்" என்றார் மேடம். "என் கையில நரம்பு எல்லாம் குத்து வாங்கி வாங்கி ஒளிஞ்சுக்கிட்டு. இவ கூட்டாளிங்க துப்பட்டாவுக்குள்ள கையை மறைச்சிட்டு ஓடுதாளுவ."

"மேடம், நாளைக்கு எனக்கு இன்டர்வியூ!"

"தெரியும்."

"வீங்கிட்டுன்னா?"

"வீங்கும்."

மேடம் பிடியை விட்டுவிட்டார். கையை இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கரேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினாள்.

முதல் குத்தில் வரவில்லை. ஊசி உள்ளே இருந்தபடியே அங்கும் இங்கும் தேடியது. சங்கரேஸ்வரிக்கு வலி உச்சந்தலை வரை ஏறியது. கோணம் சரியில்லை, பட்டை தளர்ந்திருக்கிறது, இப்படியா துழாவுவார்கள்? சொல்ல நிறைய இருந்தது. முப்பிடாதியின் கீழுதடு நடுங்குவதைப் பார்த்தாள்.

"ஊசியை வெளியே எடு. பஞ்சை வச்சு அமுக்கு. இப்பம் மூச்சு விடு. நான் இல்லட்டி, நீ விடு."

"வேண்டாம்க்கா. நாளைக்கு உங்களுக்கு…"

"நாளைக்கு நான் முழுக்கைச் சுடிதார் போட்டுக்கிடுதேன். நீ எடுக்காம நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். என்கூட மல்லுக்கட்டி யாரும் ஜெயிச்சதில்லை. வேணும்னா மேடத்தைக் கேளு."

"உண்மைதான்" என்றார் மேடம்.

கொஞ்சம் கீழே, முன்கையில் ஒரு நரம்பைத் தேடிப் பிடித்தாள் முப்பிடாதி. ரத்தம் மெல்ல ஏறியது.

"வந்துட்டுக்கா! மேடம், வந்துட்டு!"

"முதல்ல பட்டையை அவிழு தாயே. அப்புறம் ஆடலாம்."

முப்பிடாதி அவிழ்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

அவள் போன பிறகு சங்கரேஸ்வரி பஞ்சை அமுக்கியபடி எழுந்தாள். "மேடம், என் பதில்?"

பியூலா மேடம் ரப்பர் கையை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார். "உன் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

மறுநாள் அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. பாடத்தில் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். கடைசியில் நடுவில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்து, சிரித்துக்கொண்டே அதைக் கேட்டார். ஏன் நர்சிங்? மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லையா?

சங்கரேஸ்வரிக்குக் காது சூடானது. வாதம் தொடங்கும்போது அவளுக்குக் கை தானாக எழும்பும். எழும்பியது. தொளதொளவென்ற சுடிதார்க் கை சரிந்தது. முழங்கை மடிப்பிலிருந்து முன்கை வரை நாவற்பழ நிறத்தில் கன்றிப் போயிருந்தது.

ஓரத்தில் இருந்த அம்மாள் கேட்டார். "கையில என்னம்மா?" அதைத் தமிழில் கேட்டார்.

"ரத்தம் எடுத்த இடம் மேடம்."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லை. ஒரு மாணவி பழகினா."

"நேத்தா? இன்னிக்கு இன்டர்வியூவை வச்சிக்கிட்டா?"

"அவளுக்கும் இன்னிக்கு வார்டு இருக்கு மேடம்."

நடுவில் இருந்தவர் தலையாட்டினார். "பரவாயில்லையே. உங்களுக்குச் சேவை மனப்பான்மை அதிகம்."

"இல்லை சார்."

"இல்லையா?"

"அதைச் செஞ்சவங்க வேற ஆளு சார். வயித்துல தையலோட படுத்துக்கிட்டு, எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சும், என்கிட்டயே கையைத் தந்தவங்க. அவங்க டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நான் அவங்க கையில படிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அவங்க வார்த்தையைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவங்க பேருகூட எனக்கு…"

குரல் உடைந்தது. கண் கலங்கிவிட்டது. அது கலங்கியதற்காக அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

யாரும் எதுவும் எழுதவில்லை. அந்த அம்மாள், "நீங்க போகலாம்மா" என்றார்.

விடுப்பு அடுத்தவளுக்குப் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். மாலையில் அறிவிப்புப் பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது.

அடுத்த நாள் செய்முறைக் கூடத்துக்கு வந்தாள்.

"கிடைச்சிட்டு மேடம்."

"சந்தோஷம்."

"அங்க அதே கேள்வியைத்தான் கேட்டாங்க. நான் சேவைன்னு சொல்லவே இல்லை. ஆனா அழுதுட்டேன். அதுக்காக இரக்கப்பட்டுச் சீட்டைத் தந்துட்டாங்களோன்னு இருக்கு."

"திரும்பப் போய்ச் சண்டை போட்டுட்டு வா."

சங்கரேஸ்வரி சிரித்தாள். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த அக்காவை இனி நான் எங்க போய்த் தேட முடியும்? உங்களுக்காவது நன்றி சொல்லணும்னு வந்தேன். எப்படிச் சொல்லன்னுதான் தெரியலை மேடம்."

பியூலா மேடம் வாசலைப் பார்த்தார். முப்பிடாதி நின்றிருந்தாள். பக்கத்தில், அவள் இழுத்து வந்த இன்னொரு பெண், முகம் வெளுத்துப்போய், ஊசித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னொரு கை இருக்குல்லா?" என்றார்.