ஆயில் விளக்கு எரிந்த மத்தியானம்

கொல்லிமலை அடிவாரத்தில், முதல் வளைவுக்குச் சற்றுக் கீழே தவமணியின் பட்டறை. மேஸ்திரி தவமணிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை பழக வந்த சடையப்பனுக்கு ஐம்பத்து நாலு. இருபத்திரண்டு வருஷம் இதே மலையில் மினி பஸ் ஓட்டியவர். பஸ் நின்றுபோனதும், ஓட்டினது போதும், இனிமேல் பிரித்துப் பார்ப்போம் என்று வந்து சேர்ந்தவர்.

ஒரு மத்தியானம் நர்ஸ் எஸ்தர்ராணியின் கார் வந்து நின்றது. முப்பது வருஷத்துக் கிழம். இந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தினால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்கிக்கொள்ளும் ரகம்.

நர்ஸ் பேசினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும். சுருக்கென்று ஆரம்பித்து, அலறுவதற்குள் முடிந்துவிடும்.

"சிவப்பா ஆயில் லைட் எரியுது. எடுத்ததும் எரியலை. பத்து நிமிஷம் ஓடினா எரியுது. சாயங்காலம் நான் மலைக்குப் போயாகணும். நிறைமாசப் பொண்ணு, ரத்தக்கொதிப்பு. இருட்டறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு இறக்கணும். பெரிய வண்டி அந்த ஊருக்குள்ள நுழையாது. இதுதான் நுழையும்."

"அண்ணா, பாருங்க," என்றாள் தவமணி.

சடையப்பன் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல்கோடு வரை பளபளத்தது.

"கழுத்து வரைக்கும் ஆயில் நிக்குது. அப்புறம் எதுக்கு இந்த அழுகை?"

எஞ்சின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்குக்குச் சேதி சொல்வது அதுதான். சாவியைப் போட்டு விளக்கை எரியவிட்டு, சுவிட்சின் ஒயரைக் கழற்றினார். விளக்கு அணைந்தது.

"ஒயர்ல குத்தமில்லைங்க மேஸ்திரி. சுவிட்ச்தான் பொய் சொல்லுது. எங்க பஸ்ல ஆறு மாசம் இப்படித்தான். 'ஐயோ செத்தேன், ஐயோ செத்தேன்'னு எரிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பல்பைப் பிடுங்கிட்டோம்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். தவமணி சிரிக்கவில்லை.

"புது சுவிட்ச் போடுங்கண்ணா."

போட்டார். சாவியைத் திருப்பினார். கர்ர்ர், புர்ர் என்று கிழம் எழுந்து உட்கார்ந்தது. விளக்கு எரியவில்லை. சடையப்பன் மேடையில் மாலை வாங்கியவர் மாதிரி நின்றார். நர்ஸ் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"அந்த சுவிட்சைக் கழட்டிட்டு, அதே ஓட்டையில பிரஷர் மீட்டரை மாட்டுங்கண்ணா," என்றாள் தவமணி. "இருபது நிமிஷம் ஓடட்டும்."

"விளக்குதான் அணைஞ்சிருச்சுங்களே!"

"அணைஞ்சிருச்சு. ஓடட்டும்."

நர்ஸ் வாட்ச்சைப் பார்த்தாள். "தவமணி, அங்க ஒருத்தி தலையைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா."

"அவங்களை ஏத்திக்கிட்டு இறங்கறப்ப வண்டி நின்னுடக் கூடாதுங்களே நர்ஸம்மா."

எஞ்சின் ஓடியது. மீட்டர் முள் நாற்பதில் நின்றது. "பாத்தீங்களா!" என்றார் சடையப்பன். ஐந்தாவது நிமிஷம் மறுபடியும், "பாத்தீங்களா!" என்றார். தவமணி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூங்குகிற குழந்தையின் மூச்சைக் கவனிக்கிற தாய்கூட நடுவில் ஒரு கொட்டாவி விடுவாள், இவள் விடவில்லை.

எட்டாவது நிமிஷம் முப்பது. பத்தாவதில் பன்னிரண்டு. அப்புறம் முள் பொத்தென்று ஐந்துக்கு விழுந்தது. தவமணியின் கை எப்போது சாவிக்குப் போனது என்று சடையப்பன் பார்க்கவே இல்லை. எஞ்சின் நின்றிருந்தது.

"ஆயில் கீழ கெடக்குது," என்றார் மெதுவாக. "மேல ஏற மாட்டேங்குது."

"எங்க தடுக்குதுங்கண்ணா?"

"உறிஞ்சற எடத்துல இருக்கும்."

"பாருங்க."

காருக்கு அடியில் படுத்து, ஆயிலை வடித்து, அடித்தொட்டியை இறக்கினார். உறிஞ்சும் குழாயின் வாயில் இருந்த சல்லடையை நீலநீலமாக ஏதோ அடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தார். ஆறிப்போன பாலின் ஆடை மாதிரி வழுக்கியது. பசை. ஆயில் ஒழுகாமல் இருக்கத் தொட்டியின் விளிம்பில் தடவுகிற பசை.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் இதே கார் ஒழுகுகிறது என்று வந்தபோது, அந்தப் பசையைத் தடவியவர் சடையப்பன்தான். கையைச் சுருக்காமல், மாப்பிள்ளை தோசைக்கு நெய் விடுவது போலத் தாராளமாகத் தடவினார். அப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெளியே பிதுங்கியதைத் துடைத்தார். உள்ளே பிதுங்கியது கழன்று ஆயிலோடு சல்லடைக்குப் போனதை யார் பார்த்தார்கள்?

நர்ஸ் குனிந்தாள். "என்ன அது? யாரு பண்ணின வேலை?"

தவமணி சல்லடையை வாங்கி, குண்டூசியால் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க ஆரம்பித்தாள். தலை நிமிரவில்லை. பழைய வண்டிங்க, இப்படித்தான் என்று ஒரு வாக்கியம் சடையப்பனின் தொண்டை வரை வந்தது. நல்ல கணீர்க் குரலில்தான் வந்தது. அதை விழுங்கினார்.

"நான்தானுங்க நர்ஸம்மா. பசையை அள்ளிப் போட்டுட்டேன்."

நர்ஸ் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.

சல்லடையைக் கழுவினார்கள். உள்விளிம்பில் மிச்சமிருந்த பசையைச் சுரண்டினார்கள். பசைக்குப் பதில் புதுத் தக்கை பேக்கிங் வைத்து மூடி, புது ஆயில் ஊற்றி, மறுபடி மீட்டர், மறுபடி இருபது நிமிஷம். இந்தத் தடவை சடையப்பன் "பாத்தீங்களா" சொல்லவில்லை. நர்ஸும் வாட்ச்சைப் பார்க்கவில்லை. முள் முப்பத்தைந்துக்கு வந்து அங்கேயே நின்றது. அதற்குமேலும் ஐந்து நிமிஷம் ஓடவிட்ட பிறகுதான் தவமணி மீட்டரைக் கழற்றச் சொன்னாள். சுவிட்ச் தன் இடத்துக்குப் போனது.

நர்ஸ் சாவியைச் சடையப்பனிடம் நீட்டினாள்.

"தன் தப்பைத் தானே சொன்ன மெக்கானிக்கை இன்னிக்குத்தான் பாக்கறேன். நீங்களே ஓட்டுங்க. எழுபது வளைவும் உங்களுக்கு மனப்பாடமாமே."

மணி மூன்றரை. சடையப்பன் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"புது சுவிட்ச் போட்டதும் விளக்கு அணைஞ்சுது. நான் நம்பிட்டேன். நர்ஸம்மா நம்பிட்டாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க சந்தேகம் வந்துச்சு?"

தவமணி கையைத் துணியில் துடைத்தாள்.

"எனக்கென்னங்கண்ணா சந்தேகம்? மத்தியானம் அது எரிஞ்சுச்சு. அதை நம்பினேன்."