நனையாத படகும் மீசைக்கார நோட்டும்

ஏழாங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. அதை எந்த வரைபடத்திலும் தேடிச் சிரமப்பட வேண்டாம். படம் வரைய வந்த அதிகாரிக்கு ஊர்க்காரர்கள்தான் வழி சொன்னார்கள். அவர் பாவம், வேறு ராஜ்ஜியத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் சுழியாறு ஓடியது. கழுத்தளவு தண்ணீர். பாலம் கிடையாது, படகும் கிடையாது. எல்லோரும் நனைந்துகொண்டே போவார்கள், நனைந்துகொண்டே வருவார்கள். சுடலைக்கண்ணுவுக்குப் பெண் நிச்சயமாகும்வரை யாருக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பெண் அக்கரைக்காரி, பெயர் பேச்சிக்கனி. அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எம் மக கூறைப்புடவையில ஒரு சொட்டு ஈரம் படாம உங்க ஊர் வந்து சேரணும். தை முடியறதுக்குள்ள படகு வாங்குங்க. இல்லேன்னா நான் வேற மாப்பிள்ளை பாத்துக்கறேன்."

ஊரே கூடிப் பணம் போட்டது. நூறு நோட்டு சேர்ந்தது. படகின் விலையும் சரியாக நூறு நோட்டு. சுடலைக்கண்ணு நாலு நாள் சந்தோஷத்தில் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் தண்டோராக்காரன் ஈரத் துணியோடு வந்து நின்றான்.

"பழைய ராஜா காலமாயிட்டார். அவர் மகன் பட்டத்துக்கு வந்திருக்கார். பழைய ராஜா படம் போட்ட நோட்டை இனிமே எங்கேயும் வாங்க மாட்டாங்க. அஞ்சு நாளைக்குள்ள தலைநகர் கஜானாவுக்குப் போய், வரிசையில நின்னு புது நோட்டா மாத்திக்கணும். நனைஞ்ச நோட்டு, மடிச்ச நோட்டு எதையும் எடுத்துக்க மாட்டாங்க!"

மணியக்காரர் புலமாடன் உடனே கூட்டம் போட்டார். சுடலைக்கண்ணு அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தான். ஊருக்கே அறிவாளியான ஏகாம்பரமும் வந்தார். அவர் ஒருமுறை ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்.

"புது ராஜா பாக்க எப்படி இருப்பாராம்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"அப்பாவை உரிச்சு வச்ச மாதிரி இருப்பாராம். மீசை மட்டும் கிடையாதாம்," என்றார் மணியக்காரர்.

எல்லோரும் மெதுவாகத் திரும்பி, சவரக்கடை வேலாண்டியைப் பார்த்தார்கள்.

வேலாண்டி கத்தியைத் தீட்டினான். ஒரு நோட்டைப் பலகையில் வைத்தான். ராஜாவின் மூக்குக்குக் கீழே தண்ணீர் தடவி நுரை போட்டான். "மகாராஜா கொஞ்சம் அசையாம இருக்கணும்," என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு, இரண்டே இழுப்பு. மீசை போயிற்று. மூக்கு, வாய், கஜானா முத்திரை எல்லாம் கூடவே போயின.

"வலிச்சிருக்குமோ?" என்றான் சுடலைக்கண்ணு.

"ஒரு சத்தம் போட்டாரா பாரு. ராஜான்னா ராஜாதான்," என்றார் மணியக்காரர்.

மிச்சம் தொண்ணூற்றொன்பது நோட்டு. இனித் தலைநகருக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் மடிக்காமல் எப்படிக் கொண்டுபோவது? அதற்கும் ஏகாம்பரமே வழி கண்டுபிடித்தார். மணியக்காரர் வீட்டுக் கதவைக் கழற்றி, அதன்மேல் நோட்டுகளைப் பரப்பி, சுடலைக்கண்ணு வீட்டுக் கதவால் மூடிக் கயிறு கட்டினார்கள்.

"வீட்டுக்குத் திருடன் வந்தா?" என்று கவலைப்பட்டான் சுடலைக்கண்ணு.

"வந்து எதைத் திறப்பான்? கதவுதான் நம்மகிட்ட இருக்கே!" என்றார் ஏகாம்பரம்.

மணியக்காரர், ஏகாம்பரம், வேலாண்டி, சுடலைக்கண்ணு நால்வரும் கதவுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். நடு ஆற்றில் வேலாண்டியின் கால் வழுக்கியது. கதவுகள் தண்ணீரில் விழுந்து, நோட்டு ஒன்றுகூட நனையாமல், ஜோராக மிதந்தன.

"ஐயோ, கதவு தப்பிச்சு ஓடப் பாக்குது!" என்று அலறி, நால்வரும் பாய்ந்து பிடித்து மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

தலைநகர் வாசலில் கல்தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வரிசையில் நிற்கச் சொன்னார்கள் அல்லவா? கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றார்கள். காலையில் நின்றவர்கள் மதியம் வரை நின்றார்கள்.

"பட்டணத்து ஜனங்களோட பொறுமையைப் பாத்தீங்களா? யாரும் யாரையும் இடிக்கல," என்று மெச்சினார் மணியக்காரர்.

வேலாண்டி முன்னால் இருந்த தூணைத் தட்டி, "ஐயா, வரிசை எப்ப நகரும்?" என்று கேட்டதைப் பார்த்த மோர்க்காரி ஒருத்தி, தலையில் அடித்துக்கொண்டு அவர்களைக் கஜானாவிலேயே கொண்டுபோய் விட்டாள்.

கஜானாக் கணக்கர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "நோட்டு சரி. ரெண்டு கதவு எதுக்கு?"

"ஒண்ணு கீழ, ஒண்ணு மேல," என்றார் ஏகாம்பரம்.

கணக்கர் புது நோட்டுகளை எண்ணிக் கொடுத்து, "ஆத்தைத் தாண்டிப் போறவங்க. என்ன ஆனாலும் இந்தப் பணத்தை மட்டும் நனைய விட்டுராதீங்க," என்று சொல்லி அனுப்பினார்.

நேரே படகுக்காரரிடம் போனார்கள். ஒரு நோட்டு குறைந்தது. "அப்ப துடுப்பு தர முடியாது," என்றார் அவர்.

"மாமனார் படகுதான் கேட்டார். துடுப்பு கேக்கவே இல்லையே!" என்று துள்ளிக் குதித்தான் சுடலைக்கண்ணு.

கதவுகளைப் படகுக்குள் போட்டுச் சுமந்துகொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். சுடலைக்கண்ணு ஆசையோடு படகைத் தண்ணீரில் இறக்கப் போனான். ஏகாம்பரம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார்.

"கஜானாக்காரர் என்ன சொன்னார்?"

"பணம் நனையக் கூடாதுன்னார்."

"அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு?"

சுடலைக்கண்ணு படகைப் பார்த்தான். சட்டென்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஏகாம்பரம் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் ஊர்ப் பணம் மொத்தமும் நனைந்து, கல்யாணமும் நின்றுபோயிருக்கும். படகைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நடந்து, பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தார்கள்.

தை கடைசி வாரத்தில் அக்கரையில் முகூர்த்தம் நடந்தது. அன்று சாயங்காலம் பேச்சிக்கனி கூறைப்புடவையோடு படகில் ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை உட்பட நால்வரும் ஆளுக்கொரு மூலையாகப் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். பெண்ணின் அப்பா கரையில் வாயைத் திறந்தபடி நின்றார். ஆனால் என்ன சொல்வது? புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நடு ஆற்றில் பேச்சிக்கனி கீழே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, படகைத் தண்ணியில விட்டா அதுவே மிதக்காதா?"

சுமந்தவர்கள் நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சுடலைக்கண்ணுவின் முகம் தொங்கிப்போயிற்று. மணியக்காரர் அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிசுகிசுத்தார்.

"மனசை விட்டுறாத மாப்ளே. பொண்ணு நல்ல பொண்ணுதான். விவரம்தான் கொஞ்சம் கம்மி. நம்ம ஊர்ல நாலு நாள் இருந்தா எல்லாம் சரியாயிடும்."

சுடலைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தான். கூறைப்புடவை நனையாமல் கரை ஏறியது. ஊரே கைதட்டியது. ஏறுகிறவர் நனைவதில்லை, படகும் நனைவதில்லை, அவ்வளவு நல்ல படகு.

ஒரே ஒரு குறைதான். சுமக்கிற நால்வரும் தொப்பலாக நனைகிறார்களே! மறுநாளே ஊர் கூடி, அந்த நால்வருக்காக இன்னொரு படகு வாங்குவதற்குப் பணம் போட ஆரம்பித்தது.