பெயரில்லாத பொத்தான்

“ரெண்டு கடையுமே அநியாயக் கடை, டீச்சர்!”

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஞானசிகாமணி கத்தினார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சர் மெஹர்பானுவுக்கு இருபத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் செல்போன் செயலி எழுதக் கற்றுக்கொடுக்கிறாள்.

“உக்காருங்க அண்ணாச்சி. எந்த ரெண்டு கடை?”

“ஆப் விக்கிற கடைங்கதான். ஒண்ணு கெடுபிடிக் கடை. வாசல்லயே ஆளைப் போட்டுச் சோதிக்கான். நாலு தடவை என்னைத் திருப்பி அனுப்பிட்டான்.”

“இன்னொண்ணு?”

“அது திறந்து போட்ட சத்திரம். காலைல குடுத்தேன், மத்தியானமே ஏத்திட்டான். ஒரு வாரந்தான். எவனோ ஒருத்தன் என் ஆப்பை அப்படியே காப்பியடிச்சு, எனக்குப் பக்கத்துலயே கடை விரிச்சுட்டான். அவனையும் வாங்கன்னு உள்ள விட்டிருக்கான்!”

செயலி அவருடைய தங்கைக்காகச் செய்தது. ரூபவதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் எடுக்கும் வேலை. வரும் பஸ்ஸை நோக்கி போனைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், அது முகப்புப் பலகையைப் படித்து ஊர்ப்பேரைச் சொல்லும்.

“யாரையும் கேக்காம ஒரு நாளாவது நானா பஸ் ஏறணும்ணே” என்பது ரூபவதியின் ஆசை. அதற்காகத்தான் அண்ணன் இந்த வயதில் மாடிப்படி ஏறினார்.

“எந்தக் கடை நல்ல கடைன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்.”

கோபமாக வந்தவரோடு வாதம் செய்வது மெஹர்பானுவுக்குப் பிடிக்காது. வேலை கொடுத்துவிடுவாள்.

“அந்தத் துண்டைக் குடுங்க.”

தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். அவள் அதை அவர் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவருடைய போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை ஓடவிட்டு அவர் கையில் வைத்தாள்.

“உங்க ஆப்பைத் திறந்து வச்சிருக்கேன். ஜன்னலுக்குக் கீழ பஸ் ஒண்ணு நிக்கி. எந்தூரு பஸ்ஸுன்னு கேட்டுச் சொல்லுங்க.”

ஞானசிகாமணி விரலை நகர்த்தினார்.

“பொத்தான்” என்றது போன்.

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“பொத்தான்.”

கீழே நகர்த்தினார்.

“பொத்தான்.”

“எந்தப் பொத்தான்னு சொல்லித் தொலையேன்!” என்று போனைத் திட்டினார். அவருக்கு வேர்த்துவிட்டது. கீழே பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

“பொத்தான் மேல பச்சை பஸ் படம் போட்டிருக்கேனே டீச்சர். ராத்திரி பகலா உக்காந்து வரைஞ்சேன்.”

“படம் அழகாத்தான் இருக்கு அண்ணாச்சி. யாரு பாக்க?”

மெஹர்பானு போனை வாங்கி, அதில் வந்து கிடந்த கடிதங்களைத் திறந்தாள்.

“கெடுபிடிக் கடைக்காரன் அனுப்பின கடிதத்தை வாசிக்கட்டுமா?”

“அதுல என்ன இருக்கு? முடியாதுன்னு இருக்கும்.”

“நாலு கடிதத்துலயும் ஒரே விஷயந்தான் இருக்கு. பொத்தானுக்குப் பேரு வைக்கல, பார்வை இல்லாதவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு கேட்டிருக்கான்.”

கண்கட்டோடு இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இங்கிலீஷ்ல வந்துச்சா... முடியாதுங்கிற வார்த்தையைப் பாத்ததும் மூடிட்டேன் டீச்சர்.”

“துண்டை அவுக்காதீங்க. இப்பக் காப்பியடிச்சவன் ஆப்.”

அவள் அதைத் திறந்து அவர் கையில் கொடுத்ததும் அது தானே பேசியது. “வணக்கம். போனை நேராப் பிடிங்க.” பொத்தான் எதையும் தேட வேண்டியதில்லை. ஞானசிகாமணி ஆவலோடு ஜன்னல் பக்கம் நீட்டினார்.

“மூட்டு வலியா? முழங்கால் வலியா?” என்றது போன். அரை நிமிடம் தைலத்தின் பெருமையைப் பாடியது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

“திருட்டுப் பய!”

“திருட்டுப் பயதான். எதுக்கோ நம்ம போன்ல இருக்க நம்பர் எல்லாத்தையும் வேற கேக்கான். ஆனா கண்ணை மூடிட்டு ஒரு தடவை தடவிப் பாத்திருக்கான்.”

“அவன்கிட்டப் போயி நான் படிக்கவா?”

“அவன் உங்ககிட்டப் படிச்சானே.”

ஞானசிகாமணி துண்டை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டில் ரூபவதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ரூபா, நெசத்தைச் சொல்லு. நான் செஞ்சது உனக்கு உபயோகமா இருக்கா?”

“நல்லாருக்குண்ணே.”

“பொத்தானைக் கண்டுபிடிக்க முடியுதா?”

அவள் கை நின்றது.

“நீ போட்டுக் குடுத்த நாலு மாசமும் பக்கத்துல நிக்கவங்களைக் கேட்டுத்தான் ஏறுதேன். நீ அவ்வளவு ஆசையா செஞ்சியா... சொல்ல வாய் வரலண்ணே.”

முப்பது வருடத்தில் ஒரு விபத்து கூடச் செய்யாத டிரைவர் அன்று அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவை ரூபவதியும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எழுதும்போதெல்லாம் அவர் கண்ணில் துண்டு ஏறும், இறங்கும்.

பச்சை பஸ் படம் போயிற்று. செயலியைத் திறந்ததும் அது பேசியது. மிச்சம் வைத்த ஒரே பொத்தானுக்கு “மறுபடி சொல்லு” என்று பெயர் வைத்தார்கள். விளம்பரம் கிடையாது. யார் நம்பரையும் கேட்காது.

திறந்த கடை அன்றைக்கே ஏற்றிக்கொண்டது. கெடுபிடிக் கடை எட்டு நாள் எடுத்துக்கொண்டது. ஐந்தாவது கடிதம் வந்ததும் ஞானசிகாமணி அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். கடைசி வார்த்தைக்கு வந்ததும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

“ஏத்திட்டான் டீச்சர்!”

“நல்லது அண்ணாச்சி.”

“இப்பவாவது சொல்லுங்க. ரெண்டுல எது நல்ல கடை?”

“காலைல எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க.”

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை மறைவில் இருவரும் நின்றார்கள். தூரத்தில் ரூபவதி தனியாக நின்றாள். ஒரு கையில் வெள்ளைக் கோல், மறு கையில் போன். ஞானசிகாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“நான் பக்கத்துல போயி நிக்கட்டுமா?”

“சும்மா நில்லுங்க.”

ஒரு பஸ் வந்தது. ரூபவதி போனை உயர்த்தினாள், கேட்டாள், அசையாமல் நின்றாள். அவளுடைய பஸ் அது இல்லை. அது போனதும் இன்னொன்று வந்து நின்றது. கைப்பையோடு ஒரு பெரியவர் அரக்கப்பரக்க ஓடி வந்தார். கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தார். தெரியவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் கேட்டார்.

“யம்மா, கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். இது எந்தூரு பஸ்ஸு?”

ரூபவதி போனை உயர்த்தினாள். டீக்கடையில் ஞானசிகாமணி டீச்சரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இது பேட்டை பஸ்ஸு. நீங்க எங்க போகணும்?”

“பேட்டைக்குத்தாம்மா.”

“அப்போ ஏறுங்கய்யா” என்றாள் ரூபவதி. “பாத்து ஏறுங்க.”