இன்று செய்தி இல்லை

2022 செப்டம்பர் 6, மாலை ஐந்தரை மணி. கோவில்பட்டி கணினிப் பயிற்சி மையத்தில் பைத்தான் என்ற கணினி மொழி வகுப்புக்கு வந்திருந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஓய்வுபெற்ற அரசு பஸ் கண்டக்டர் ஒருவர்தான்: சிவனணைந்தபெருமாள். ஆசிரியை ஜெபராணிக்கு இருபத்தேழு வயது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகன் கார்த்தீசன் சரக்குக் கப்பலில் எந்திர அறை வேலைக்குப் போய்விட்டான். கல்யாணப் பேச்சில் வந்த சண்டை. போன பிறகு பலமுறை கூப்பிட்டான், இவர் எடுக்கவில்லை. இவர் எடுக்கத் துணிந்தபோது அழைப்பு நின்றிருந்தது, எண்ணும் மாறிவிட்டது. அவன் சிநேகிதன் ஒருவன் சொல்லி, கப்பலின் பெயர் 'கோரல் மீரா' என்பது மட்டும் தெரியும்.

எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று முகவர் நிறுவனம் ஒன்று தினமும் இணையத்தில் பட்டியல் போடும். பொடி எழுத்து, முடிவில்லாத வரிகள். காலையில் காபி குடிக்கும் நேரத்துக்குள் அதை இறக்கி, கோரல் மீராவை மட்டும் தேடிச் சொல்ல ஒரு நிரல். அதற்காகத்தான் சேர்ந்தார்.

லேசில் வரவில்லை. வரி முடிவில் முக்காற்புள்ளியை மறப்பார். உள்ளே தள்ளி எழுதவேண்டியதை ஓரத்திலேயே எழுதுவார். பட்டியலில் முதல் ஆளுக்கு எண் பூஜ்யம் என்றதும், எந்த பஸ்ஸில் அப்படி சீட் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். டிரைவர் சீட்டிலிருந்து எண்ணுங்கள் என்றாள் ஜெபராணி. வகுப்பே சிரித்தது.

தவறு செய்தால் திரையில் சிவப்பெழுத்து வரும். அதுதான் அவருக்குப் பிடிக்காது. ஜூலைக் கடைசியில் கூடப் படிக்கும் ஒருத்தர் வழி சொல்லிக்கொடுத்தார்: எந்தப் பிழை வந்தாலும் காட்டாதே, அதற்குப் பதில் இதைக் காட்டு என்று இரண்டு வரி. அவர் எழுதிய பதில், 'இன்று செய்தி இல்லை.' அதன் பிறகு சிவப்பெழுத்தே வரவில்லை.

அந்த செப்டம்பர் 6 மாலை அவர் மடிக்கணினியோடு ஜெபராணியின் மேசைக்கு வந்தார்.

"ஒரு தப்பும் இல்லாம ஓடுது டீச்சர். ஆனா ஒரு நாள்கூட அவன் கப்பல் வரமாட்டேங்குதே, ஏன்?"

அவள் நிரலை மேலிருந்து கீழே பார்த்தாள். பிழையைக் காட்டவிடாத அந்த இரண்டு வரியையும் அழித்தாள்.

"இப்ப ஓட்டுங்க."

திரை சிவந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க அண்ணாச்சி. கடைசி வரியைப் படிங்க."

படித்தார். கப்பல் பெயர் வரும் பத்திக்கு அவர் எழுதியிருந்த தலைப்பு பட்டியலில் இல்லை என்று இருந்தது. பட்டியல் போடுகிறவர்கள் தலைப்பை எப்போதோ மாற்றியிருந்தார்கள். ஒரு சொல்லைத் திருத்தினார். தினமும் இறக்கிச் சேர்ந்து கிடந்த பழைய பட்டியல்களையும் சேர்த்துத் தேடச் சொன்னாள்.

வரிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கொழும்பு. கொச்சி. ஆகஸ்ட் 9, தூத்துக்குடி. ஆகஸ்ட் 10, தூத்துக்குடி. அப்புறம் மொம்பாசா.

அவர் விரல் திரையில் அந்த இரண்டு வரிமேல் நின்றது. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்தத் தடத்தில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்தவர் அவர்.

"ரெண்டு நாள் இங்கதான் இருந்திருக்கான்," என்றார்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அந்த ரெண்டு நாளும் காலையில பார்த்தேன் டீச்சர். செய்தி இல்லைன்னுதான் சொல்லுச்சு. இப்படியா பொய் சொல்லும்?"

"பொய் சொல்லலை அண்ணாச்சி," என்றாள் ஜெபராணி. "அது ஒவ்வொரு நாளும் உங்ககிட்ட என்னமோ சொல்ல வந்திருக்கு. காதுல விழ வேண்டாம்னு எழுதி வச்சது நீங்க."

சிவனணைந்தபெருமாள் மடிக்கணினியை மூடவில்லை. சிவப்பெழுத்து வந்தால் வரட்டும் என்று நிரலை அப்படியே சேமித்துக்கொண்டார்.

2022 டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை காலை கோரல் மீரா மறுபடியும் தூத்துக்குடிக்கு வந்தது. பிற்பகல் மூன்றேகாலுக்குக் கார்த்தீசன் துறைமுக வாயிலைத் தாண்டி வெளியே வந்தான். எதிரே அவன் அப்பா நின்றிருந்தார்.