ஃப்ரிட்ஜின் கைப்பிடி

“நானும் நெருப்பைக் கூட்டிக் கூட்டி வைக்கிறேன். ஏம்மா குளிர மாட்டேங்குது?” என்று கேட்டார் கனகசபாபதி.

குருவைத் தேடுகிறவர்கள் காட்டுக்கும் மலைக்கும் போவார்கள். இவர் மேட்டுப்பாளையத்தில் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கும் மயிலாத்தாவிடம் வந்திருந்தார். இவருக்கு வயது அறுபத்து மூன்று. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

முப்பது வருஷம் பள்ளிக்கூடங்களைச் சோதனை பார்க்கும் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும், உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளும்படியான ஒரு பழைய வேனை வாங்கி, மனைவி சொர்ணத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். வேனுக்குள் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்று. பின்னால் சின்னதாக நெருப்பு எரிந்தால் முன்னால் குளிரும். கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அப்படித்தான்.

நாலு நாளாக அது குளிரவில்லை. சொர்ணத்தின் இன்சுலின் மருந்து பிளாஸ்கில் ஐஸோடு கிடந்தது. இனி ஐஸுக்காக ஊர் ஊராக அலைய முடியாது, நாளைக்குள் குளிராவிட்டால் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கனகசபாபதிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. இன்னும் ஊட்டியைக்கூடப் பார்க்கவில்லை.

மயிலாத்தா, தான் குடித்துக்கொண்டிருந்த டீக்கிளாஸை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள். டீ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாய்ந்து நின்றால் இந்த ஃப்ரிட்ஜ் குளிராது என்று, வண்டியைச் சரிவிலிருந்து எடுத்து மட்டமான இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

பின்பக்கத்தைக் கழற்றினாள். புகைக்குழாயிலிருந்து ஒரு சிலந்திக் கூட்டையும் ஒரு பிடி கரியையும் எடுத்துப் போட்டாள். நெருப்பைப் பற்றவைத்து, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குறைத்தாள். அது நீலமாக எரிந்தது. கதவைச் சாத்தினாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதானுங்க.”

அவள் குழாயடியில் கை கழுவிவிட்டு வருவதற்குள் கனகசபாபதி கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க பார்க்கறீங்க?”

“குளிர ஆரம்பிச்சிடுச்சான்னு...”

“நேத்து எத்தன தடவ தொறந்தீங்க?”

நாலைந்து தடவை இருக்கும் என்றார்.

“நாப்பத்தோரு தடவை,” என்றாள், வேப்பமரத்தடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சொர்ணம். “உனக்குத் தலை சுத்துதா, தலை சுத்துதான்னு என்னைக் கேட்டது தனி.”

கனகசபாபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் சொல்லாமல் கொள்ளாமல் போய் வகுப்புக் கதவைத் திறந்து பார்த்ததால்தான் ஒரு ஜில்லாவே ஒழுங்காகப் படித்தது என்று நீளமாகச் சொல்லி முடித்தார்.

“பார்க்காம எப்படிம்மா நம்புறது?”

மயிலாத்தா ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“காத்தால வர்றேனுங்க.”

அன்று அவர் பட்டது நாய் படாத பாடு. கதவில் காதை வைத்துக் கேட்டார். ஸ்பூனால் நெம்பிப் பார்த்தார், ஸ்பூன்தான் வளைந்தது. பார்க்கச் சகிக்காமல் சொர்ணம் அவரைப் பவானி ஆற்றுக்குக் கூட்டிப் போனாள்.

தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாணத்தன்று அவர் பந்திக்குள் புகுந்து இலை இலையாகச் சோதனை பார்த்ததை அவள் நடித்துக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வண்டிக்குத் திரும்பும் வரை ஃப்ரிட்ஜ் ஞாபகமே வரவில்லை.

காலையில் மயிலாத்தா வந்து கைப்பிடியை மாட்டித் திறந்தாள். அவள் வைத்த டீ உள்ளேயே இருந்தது. கனகசபாபதி அதை எடுத்துக் குடித்தே பார்த்துவிட்டார். பல் கூசியது.

சொர்ணம் மருந்தை எடுத்து உள்ளே வைத்தாள். ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மலை ஏறும்போது கேஸை மூடிவிட வேண்டும், கதவைத் திறக்காமல் இருந்தால் மேலே போய்ச் சேரும் வரை இந்தக் குளிரே தாங்கும் என்று மயிலாத்தா சொன்னாள்.

“நடுவுல சந்தேகம் வந்தா?” என்று கேட்டார் அவர்.

அவள் கைப்பிடியை மறுபடியும் கழற்றினாள். கனகசபாபதி கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், கைப்பிடியையும் ஸ்க்ரூடிரைவரையும் சொர்ணத்திடம் கொடுத்தாள்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் கனகசபாபதி மனைவியின் பக்கம் திரும்பினார்.

“சொர்ணம், உனக்கு...”

அவள் மடியிலிருந்த கைப்பிடியைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

“...யானை ஏதாவது தெரியுதா?”