இரண்டு பொட்டலம்

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சுடுடா, செங்கோடா."

கேட்டவர் அங்கமுத்து வாத்தியார். முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கேட்கப்பட்டவன் மேட்டுக் கோயில் பூசாரி. அவரிடம் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன்.

கோயில் படிக்கட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டுதான் கேட்டார். அவர் அந்தப் படியை மிதித்து நாற்பது வருசம் இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அவள் கும்பிட்டு வரும்வரை புங்கமரத்தடியில் பேப்பர் படிப்பார். அவ்வளவுதான் அவருக்கும் அந்த அம்மனுக்கும் உள்ள உறவு.

"என்னுங்க சார், இப்படிக் கேக்கறீங்க?" என்றான் செங்கோடன்.

"வேற எப்படிக் கேக்கறது? அக்காவுக்கு இருதயத்துல வால்வு போச்சு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஈரோட்டு ஆஸ்பத்திரியில சேர்க்கணும். விட்டா அந்த டாக்டர் ஒரு மாசம் ஊர்ல இல்லை. ஒரு மாசம் அக்கா தாங்காது."

"கூட்டிட்டுப் போங்க."

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம காரில ஏற மாட்டேன்னு உள்ள போய் உக்காந்துட்டாளே! சிவப்பு வந்துட்டா என்னடா பண்றது?"

அந்தக் கோயிலில் பூக் கேட்கிற வழக்கம் அப்படி. வெள்ளரளி ஒரு இலைப் பொட்டலத்தில், செவ்வரளி இன்னொன்றில். இரண்டையும் அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்கிறவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன்பிறகு யார் முதலில் படியேறி வருகிறாரோ, அவர் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் வேண்டாம். மறுபேச்சு கிடையாது.

செங்கோடன் படியிறங்கி அவர் பக்கத்தில் வந்தான்.

"சார், ஊசல் சோதனை ஞாபகம் இருக்குதுங்களா?"

"இப்ப எதுக்குடா அது?"

"நூல்ல குண்டைக் கட்டி இருபது தடவை ஆடவிட்டு நேரத்தைக் குறிக்கச் சொன்னீங்க. நான் ஆடவிடாமலே எழுதிட்டேன். என் காதைத் திருகி வெளிய நிறுத்துனீங்க."

"நீ பண்ணினதுக்குத் திருகாம என்ன பண்ணுவாங்க?"

"விடை சரியாத்தானே சார் இருந்துச்சு?"

"விடை சரியா இருந்தாப் போதுமாடா? ஆடவிட்டுப் பார்க்காம..."

வாத்தியார் பாதியில் நிறுத்திக்கொண்டார். வாய் பழக்கதோசத்தில் முந்திக்கொண்டது. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

செங்கோடன் சிரிக்கவில்லை. மடியிலிருந்து இரண்டு இலைத் துண்டு, கொஞ்சம் வாழைநார், ஒரு வெள்ளரளி, இரண்டு செவ்வரளி, இன்னொரு வெள்ளரளி எல்லாவற்றையும் எடுத்து அவர் கையில் வைத்தான்.

"நீங்களே கட்டிக் குடுங்க சார். நான் பிரிச்சுப் பார்க்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இப்படி ஒரு பாரத்தை யாராவது மனுசன் கையில் வைப்பார்களா? வாத்தியார் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. இரண்டு வெள்ளை போதும். அக்கா பிழைத்துக்கொள்வாள்.

இரண்டு வெள்ளையையும் எடுத்து இலைகளில் வைத்தார். மடிக்கப் போனார். கை மடிக்க மாட்டேன் என்றது.

ஒன்றை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தார். தன்னையே திட்டிக்கொண்டார்.

அத்தோடு விட்டாரா? அதுதான் இல்லை. இரண்டு இலையையும் ஒரே அளவில் கிழித்தார். காம்பை ஒரே நீளத்துக்குக் கிள்ளினார். நாரை மூன்று சுற்று, மூன்று சுற்று என்று எண்ணிச் சுற்றினார். பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பிடித்தார். செய்கிறவனுக்கே எது எது என்று தெரியக் கூடாது. அப்படித்தான் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"இந்தா. போய் வை."

செங்கோடன் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அம்மன் காலடியில் வைத்தான்.

"பெரியம்மா, மனசுல கேட்டுக்குங்க" என்று அவன் சொல்வது வெளியே கேட்டது.

அக்கா நாச்சம்மாள் கண்ணை மூடினாள். எழுபத்தொரு வயசு. இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் ஆத்தாளிடம் மட்டும் நீளமாக ஏதோ கேட்டாள்.

இனி யாராவது படியேற வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. யார் வருவார்கள்?

கால் மணி நேரம் போனது. ஒரு ஆடு வந்து இரண்டு படி ஏறியது.

"ஏய், உன்னை யாரு கூப்பிட்டது?" என்று செங்கோடன் அதை விரட்டினான்.

அரை மணி ஆனது. பஸ் ஒன்று வந்து நின்று, யாரையும் இறக்காமல் போனது. கார் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

"சார், இப்பக் கிளம்புனாத்தான் நாலு மணிக்குப் போக முடியும்" என்றான்.

வாத்தியார் ரோட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். உள்ளே தூணில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றினார்.

படிக்கல் கொதித்தது. ஏழு படியையும் ஒரே மூச்சில் ஏறி உள்ளே போய் நின்றார். அக்கா நிமிர்ந்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை.

"யாருங்க அது?"

"நான்தான்க்கா."

அவள் ஒருதரம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வாத்தியார் குனிந்தார். காலடியில் இரண்டு பொட்டலம். இவர் கட்டியவைதான். எது வெள்ளை? ஒரு கோணல், ஒரு காம்பு நுனி, நாரில் ஒரு பிசிறு, எதையாவது வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று உற்றுப் பார்த்தார். அப்பழுக்கில்லாமல் கட்டியிருந்தார், பாவி மனுசன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் கிடந்தன.

இடது பக்கம் இருந்ததை எடுத்தார். நாரைப் பிரித்தார்.

சிவப்பு.

பூவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

செங்கோடன் முதுகைக் காட்டிக்கொண்டு விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன பூடா, தம்பி?"

வெள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எழுந்து வந்துவிடுவாள். மறுபடி யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா போனபிறகு மாடு மேய்த்து இவரைப் படிக்க வைத்தவள் அவள்தான். வந்த கடுதாசியிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் இவர் படித்துச் சொன்னதுதான் அவளுக்கு எழுத்து. இருதயம் கெட்டுப்போச்சு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக்கூட இவர்தான் படித்துச் சொன்னார். ஒரு நாள்கூட ஒரு எழுத்தையும் மாற்றிச் சொன்னதில்லை.

"சொல்லுடா. என்ன பூ?"

"சிவப்புக்கா."

சொன்னதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா நீ வரணும். ஆத்தா என்ன சொன்னாலும் சரி, நீ வந்தே ஆகணும். எனக்கு உன்னை விட்டா யாரிருக்கா? உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

நிஜமாகவே பிடித்துக்கொண்டார். அறுபத்து நாலு வயசுக்காரர், தன்னிடம் படித்த பையன் எதிரிலேயே அழுதார்.

நாச்சம்மாள் அவர் தலையைத் தடவினாள்.

"கார்க்காரன் நிக்கறானா, போயிட்டானா?"

"நிக்கறான்."

"அப்பறம் ஏன்டா உக்காந்துட்டிருக்கற? என்னைக் கையைக் குடுத்துத் தூக்கு. நாலு மணிக்குள்ள போகோணுமில்ல?"

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கேக்கா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். வேற எங்க?"

"சிவப்பு வந்திருக்குதே. ஆபரேசன் வேண்டாம்னுதானே அர்த்தம்?"

"ஆபரேசனைப் பத்தி நான் எங்கடா கேட்டேன்?"

செங்கோடனும் இப்போது திரும்பிப் பார்த்தான்.

அக்கா மூச்சு வாங்கினாள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்.

"கத்தி வைக்கப் போற நேரத்துல நான் என்ன சொன்னாலும் நீ தட்ட மாட்டே. அதனால, இனிமேல் நானும் உள்ள வந்து சாமி கும்பிடுவேன்னு உன்கிட்டச் சத்தியம் வாங்கிக்கட்டுமான்னு ஆத்தாளைக் கேட்டேன். வேண்டாம்னுட்டா. அவனை அவன் போக்குல விடுன்னுட்டா. சரி, விட்டுட்டேன். எந்திரி."

வாத்தியார் எழுந்திருக்கவில்லை. பூவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆபரேசனைக் கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையாக்கா?"

"அதுக்குத்தான் டாக்டரைக் கேட்டாச்சே" என்றாள் நாச்சம்மாள். "உன்னைப் பத்தி நான் எந்த டாக்டரைப் போய்க் கேக்கறது?"